அச்சம் வடிந்த வசைகள்

1914 ஏப்ரல் 11 அன்று லண்டனின் ஹிஸ் மெஜஸ்டிஸ் தியேட்டரில் பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' முதன்முறையாக ஆங்கிலத்தில் மேடையேறியது. மூன்றாம் அங்கத்தில், தெருவில் பூ விற்றுக்கொண்டிருந்த எலிசா டூலிட்டில் பேராசிரியர் ஹிக்கின்ஸிடம் உச்சரிப்புப் பயிற்சி பெற்று, உயர்குடிச் சீமாட்டி போல ஒரு வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கிறாள். விடைபெறும் நேரத்தில், பூங்கா வழியாக நடந்துதானே போகிறீர்கள் என்று ஓர் இளைஞன் கேட்கிறான். நடப்பதா, அந்தப் பேச்சே வேண்டாம் என்று மறுக்கிறாள். அந்த மறுப்பின் நடுவே 'ப்ளடி' என்ற சொல் வந்து விழுந்தது. அரங்கில் எழுந்த சிரிப்பு ஒரு நிமிடத்துக்கு மேல் ஓயவில்லை. எலிசாவாக நடித்த மிஸஸ் பேட்ரிக் கேம்பெல் அடுத்த வாக்கியத்தைச் சொல்வதற்கு அது அடங்கும்வரை காத்து நிற்க வேண்டியிருந்தது.

அவள் உச்சரிப்பு அரண்மனைக்குரியது, சொல்லோ சந்தைக்குரியது. இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்ததுதான் அதிர்ச்சி. பல நாளிதழ்கள் அந்தச் சொல்லை அச்சிடத் தயங்கிச் சுற்றிவளைத்து எழுதின. கொஞ்ச நாளில் லண்டன்வாசிகள் 'ப்ளடி' வரவேண்டிய இடத்தில் 'பிக்மேலியன்' என்ற பெயரையே போட்டுப் பேசி மகிழ்ந்தார்கள். அன்று பிரிட்டனில் நாடகத் தணிக்கை நடைமுறையில் இருந்தது. பிரதியைப் படித்த தணிக்கை அதிகாரி, கோபத்தில் சொல்லப்படாத சொல் என்பதால் அதை அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தார்.

நூறாண்டுகள் கழித்து, 2016இல், பிரிட்டனின் ஒலிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம், எந்தச் சொல் மக்களை எவ்வளவு புண்படுத்துகிறது என்று ஆராய்ந்து தரம் பிரித்தது. 'ப்ளடி'க்குக் கிடைத்த இடம் கடைசித் தரம். 'ஆர்ஸ்', 'கிராப்', 'டேம்', 'பக்கர்' ஆகியவையும் அதே வரிசையில் இருந்தன. ஆங்கிலேயர் அன்றாடம் முணுமுணுக்கும் இத்தகைய சொற்களை மென்வசைகள் எனலாம். குழந்தைகள் முன்னால் கொஞ்சம் யோசித்தும், நண்பர்கள் நடுவே யோசிக்காமலும் சொல்லப்படுபவை இவை. இவற்றில் பல ஒரு காலத்தில் அபராதத்தையோ வழக்கையோ கொண்டுவந்தவை. அந்தச் சமூகம் எதற்கு அஞ்சியது, அந்த அச்சம் எப்போது வடிந்தது என்பதை இவற்றின் வரலாறு சொல்கிறது.

கடவுளின் பெயரும் பத்துப் பவுன் அபராதமும்

ஷேக்ஸ்பியர் காலத்து லண்டனில் ஒரு நடிகனுக்கு ஆபத்தைத் தந்தவை உடலுறுப்புகளின் பெயர்கள் அல்ல, கடவுளின் பெயரை வைத்துச் சொன்ன ஆணைகள். 1606இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், மேடையில் கடவுள், கிறிஸ்து, பரிசுத்த ஆவி ஆகிய பெயர்களை வீணாகவோ கேலியாகவோ சொன்னால் ஒவ்வொரு முறைக்கும் பத்துப் பவுன் அபராதம் என்றது. சாதாரணத் தொழிலாளியின் பல மாத வருமானத்துக்கு ஈடான தொகை அது. அதன் தடம் 'ஒதெல்லோ'வில் தெளிவாகத் தெரிகிறது. 1622இல் வந்த தனிப்பதிப்பில் இருந்த பல ஆணைச் சொற்கள், மறு ஆண்டு வெளியான பெருந்தொகுப்பில் காணாமல் போயின. கடவுளின் காயங்கள் மீது ஆணை என்பதன் சுருக்கமான 'ஸூண்ட்ஸ்', கடவுளின் இரத்தத்தின் மீது ஆணை என்பதன் சுருக்கமான 'ஸ்ப்ளட்' ஆகியவை அவற்றுள் அடக்கம்.

அந்தக் காலம்வரை உடலைப் பற்றிய சொற்கள் தேவாலயத்துக்குள்ளேயே தாராளமாகப் புழங்கின. 1380களில் ஜான் விக்லிஃபின் பெயரால் வழங்கும் விவிலிய மொழிபெயர்ப்பு, பலிக்கு ஆகாத விலங்குகளைப் பற்றிச் சொல்லும் இடத்தில் விரைகளைக் குறிக்க இன்றைய 'பாலக்ஸ்' என்பதன் பழைய வடிவத்தையே பயன்படுத்தியது. 1611இல் ஜேம்ஸ் மன்னரின் ஆணைப்படி வந்த விவிலியத்தில் சிறுநீரைக் குறிக்கும் 'பிஸ்' பல இடங்களில் வருகிறது. அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே சாசர் 'கேன்டர்பரி கதைக'ளில் புட்டத்தையும் குசுவையும் அவற்றின் நேரான பெயர்களால் சொல்லிவிட்டார்.

சமயம் சார்ந்த ஆணைகளின் மீதான சட்டம் நெடுங்காலம் நீடித்தது. 1745இல் வந்த சட்டம் வசைக்கும் வர்க்கக் கணக்கு எழுதியது. கூலித் தொழிலாளி, சிப்பாய், மாலுமி ஆகியோருக்கு ஒரு ஷில்லிங். கனவான் தகுதிக்குக் கீழே உள்ள மற்றவர்களுக்கு இரண்டு ஷில்லிங். கனவான்களுக்கும் மேலோருக்கும் ஐந்து ஷில்லிங். அந்தச் சட்டம் 1967 வரை ஏட்டில் இருந்தது. அபராதத்துக்கு அஞ்சியும் பாவத்துக்கு அஞ்சியும் மக்கள் சொற்களைத் திரித்துப் பேசினார்கள். கடவுள் என்பது 'காஷ்', 'காலி' என்று திரிந்தது. நரகம் 'ஹெக்' ஆயிற்று. 'டேம்' என்பது 'டார்ன்' ஆயிற்று. கடவுள் என் கண்ணைக் குருடாக்கட்டும் என்ற ஆணை தேய்ந்து 'ப்ளைமி' என்ற வியப்புச் சொல்லாக நிற்கிறது.

இரத்தத்தின் பின்னே யார்?

'ப்ளடி' எங்கிருந்து வந்தது என்பதற்குப் பல கதைகள் உண்டு. கன்னி மரியாளின் மீது ஆணை என்று பொருள்படும் 'பை அவர் லேடி' சுருங்கி இப்படி ஆனது என்பது மிகப் பரவலான கதை. கிறிஸ்துவின் இரத்தத்தின் மீது இட்ட ஆணையிலிருந்து வந்தது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் இலக்கணம் இடம்கொடுக்கவில்லை. ஆணைச் சொல் தனித்து நிற்கும். 'ப்ளடி' தொடக்கத்திலிருந்தே 'ரொம்ப' என்பதைப் போல இன்னொரு சொல்லுக்கு அழுத்தம் தரும் அடைமொழியாக வந்திருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதிப் பதிவுகளில் அது குடிபோதையோடு சேர்ந்து வருகிறது. அன்று லண்டனில் குடித்துக் கும்மாளமிட்டுத் திரிந்த பணக்கார வீட்டுப் பிள்ளைகளை 'ப்ளட்ஸ்' என்று அழைத்தார்கள். அவர்களைப் போலக் குடித்தவன் 'ப்ளடி' குடிகாரன் என்று சொல் பிறந்திருக்கலாம் என்பது ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் மூலப் பதிப்பு முன்வைத்த விளக்கம்.

அந்தச் சொல்லைத் தொடக்கத்தில் யாரும் பெரிதாகக் கண்டிக்கவில்லை. டப்ளினின் புனித பேட்ரிக் பேராலயத்துக்குப் பின்னாளில் தலைவரான ஜொனதன் ஸ்விஃப்ட், 1711இல் தோழி எஸ்தர் ஜான்சனுக்கு எழுதிய கடிதத்தில் வெயிலின் கடுமையைச் சொல்ல இயல்பாக அதைப் பயன்படுத்தினார். 1755இல் சாமுவேல் ஜான்சனின் அகராதி அதை மிகவும் கொச்சையானது என்று குறித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் மரேயின் தலைமையில் வந்த ஆக்ஸ்ஃபோர்டு அகராதியோ, அடித்தட்டு மக்களின் வாயில் ஓயாமல் புழங்குவது, மதிப்புக்குரியவர்கள் ஆபாசத்துக்கு இணையாக வெறுப்பது என்று பதிவு செய்தது.

ஸ்விஃப்டுக்கும் மரேக்கும் இடைப்பட்ட காலத்தில் சொல்லின் பொருள் மாறவில்லை. சொல்பவர் யார் என்பதுதான் மாறியது. தொழிற்சாலை, துறைமுகம், சுரங்கம் என்று பெருகிய உழைப்பாளிகள் அதைத் தங்கள் சொல்லாக்கிக்கொண்டார்கள். புதிதாக எழுந்த நடுத்தர வர்க்கம் அவர்களிடமிருந்து தன்னைப் பிரித்துக்காட்ட நாவைக் கட்டிக்கொண்டது. தீண்டக்கூடாத சொல் என்று ஆனபிறகு அதற்கொரு காரணம் தேவைப்பட்டது. மரியாளும் கிறிஸ்துவின் இரத்தமும் அந்தத் தேவையை நிறைவேற்றிய கதைகளாகவே தோன்றுகின்றன. 1887 ஜனவரியில் லண்டன் சவாய் அரங்கில் தொடங்கிய கில்பர்ட், சல்லிவன் இசை நாடகம் ஒன்றின் தலைப்பு 'ருட்டிகோர்'. 'ருட்டி' என்பது 'ப்ளடி'க்கு மாற்றாகச் சொல்லப்படும் மழுப்பல் சொல். அது நினைவூட்டிய அளவுக்கே எதிர்ப்பு எழுந்து, சில நாட்களிலேயே தலைப்பின் எழுத்துகள் மாற்றப்பட்டன.

அச்சம் வடிந்ததை அளக்க எலிசாவே அளவுகோல். 1956இல் 'பிக்மேலியன்' இசை நாடகமாகி 'மை ஃபேர் லேடி' என்று வந்தபோது, 'ப்ளடி' யாரையும் திடுக்கிட வைக்காது என்று தெரிந்திருந்தது. எனவே ஆஸ்கட் குதிரைப் பந்தயக் காட்சி ஒன்றைச் சேர்த்து, ஓடும் குதிரையைப் பார்த்து எலிசா 'ஆர்ஸ்' என்று கத்துவதாக எழுதினார்கள். இரண்டு உலகப் போர்கள் இடையில் நடந்திருந்தன. பல வர்க்கங்களின் ஆண்கள் பதுங்குகுழிகளில் ஒன்றாகக் கிடந்து ஒரே மொழியில் திட்டப் பழகியிருந்தார்கள். 1968இல் நாடகத் தணிக்கையே ஒழிக்கப்பட்டது.

ஆஸ்திரேலியாவின் அடைமொழி

கைதிகளும் மாட்டுவண்டிக்காரர்களும் கட்டியெழுப்பிய ஆஸ்திரேலியாவில் இந்தச் சொல்லுக்கு வேறொரு வாழ்வு அமைந்தது. அலெக்சாண்டர் மார்ஜரிபேங்க்ஸ் என்ற பயணி 1847இல் எழுதிய நியூ சவுத் வேல்ஸ் பயண நூலில், ஒரு மாட்டுவண்டிக்காரர் கால்மணி நேரத்தில் அதை எத்தனை முறை சொன்னார் என்று எண்ணியிருக்கிறார். அந்த வேகத்தில் ஐம்பது ஆண்டுகள் பேசினால் ஒரு கோடியே 82 லட்சம் முறை சொல்லியிருப்பார் என்பது அவர் போட்ட கணக்கு. 1890களில் சிட்னியின் 'தி புல்லட்டின்' இதழ் வழியாக 'ஆஸ்திரேலிய அடைமொழி' என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. ஒளிவுமறைவற்ற பேச்சும் பகட்டின் மீதான வெறுப்பும் அந்த நாட்டின் மதிப்பீடுகள், அவற்றை இந்தச் சிறு சொல் சுமக்கிறது என்று மொழியியலாளர் அன்னா வியெர்ஸ்பிட்ஸ்கா 2002இல் விரிவாக எழுதினார்.

2006இல் ஆஸ்திரேலியச் சுற்றுலாத் துறை உலகத்துக்கு விடுத்த விளம்பர அழைப்பே இந்தச் சொல்லில் அமைந்தது: எல்லாம் தயார், நீங்கள் எந்த 'ப்ளடி' நரகத்தில் இருக்கிறீர்கள் என்பது அதன் முத்தாய்ப்பு. சொல்லைப் பெற்ற பிரிட்டனே அதைத் தொலைக்காட்சியில் காட்டத் தடை விதித்தது. ஆஸ்திரேலிய அமைச்சர் தலையிட்ட பிறகு தடை நீங்கியது. ஆனாலும் மறு ஆண்டு சாலையோர விளம்பரப் பலகைகளை அகற்றச் சொன்னார்கள். சிங்கப்பூரில் அந்தச் சொற்களை நீக்கிவிட்டு, எங்கே இருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார்கள். ஒரே பேரரசின் பிள்ளைகளான மூன்று நாடுகளில் ஒரே சொல்லுக்கு மூன்று எடைகள்.

பல்கேரியாவிலிருந்து கொழும்பு வரை

'பக்கர்' என்ற சொல்லின் பயணம் இன்னும் நெடியது. இடைக்காலத்தில் பல்கேரியாவில் போகோமில் என்ற கிறித்தவப் பிரிவு தோன்றியது. திருச்சபை அதை மத விரோதம் என்றது. பல்கேரியனைக் குறித்த லத்தீன் பெயர் பிரெஞ்சில் 'பூக்ர்' ஆகி, மத விரோதி என்று பொருள் கொண்டது. மத விரோதிகள் இயற்கைக்கு மாறான பாலுறவு கொள்பவர்கள் என்ற அவதூறும் கூடவே ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்த அவதூறே சொல்லின் பொருளாகிவிட்டது. 1533இல் எட்டாம் ஹென்றி காலத்தில் இந்தப் பெயரிலேயே சட்டம் வந்து மரண தண்டனை விதித்தது. அச்சட்டத்தின் வழிவந்ததுதான் 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டப் பிரிவு 377. வயதுவந்தோர் இசைந்து கொள்ளும் உறவை அதிலிருந்து இந்திய உச்ச நீதிமன்றம் விடுவித்தது 2018இல்தான்.

இவ்வளவு கொடிய பின்னணி கொண்ட சொல் இன்று அன்பாகவும் வழங்குகிறது. பரிதாபத்துக்குரியவனும் 'பக்கர்', அதிர்ஷ்டக்காரனும் 'பக்கர்'. பழுதான வண்டியும் களைத்துப்போன ஆளும் 'பக்கர்ட்'. 1999இல் நியூசிலாந்தில் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் விளம்பரத்தில் ஒரு விவசாயி வண்டியின் வலிமையைக் குறைத்து எடைபோட்டு, ஒவ்வொரு முறை காரியம் கெடும்போதும் இந்த ஒரு சொல்லை மட்டுமே சொல்வார். புகார்கள் வந்தன, விசாரித்த விளம்பரத் தர வாரியம் அவற்றை ஏற்கவில்லை. இலங்கை ஆங்கிலத்தில் இது ஏறத்தாழ 'ஆள்', 'பயல்' என்ற அளவுக்கே இறங்கிவிட்டது. 1993இல் இலங்கையின் கிரேஷியன் இலக்கியப் பரிசின் முதல் ஆண்டிலேயே பரிசு பெற்ற கார்ல் முல்லரின் 'தி ஜாம் ஃப்ரூட் ட்ரீ' நாவலில் வரும் பறங்கிக் குடும்பத்தார் ஒருவரையொருவர் இப்படித்தான் விளிக்கிறார்கள். கொழும்புத் தமிழர்களின் ஆங்கிலத்திலும் அதைக் கேட்கலாம்.

நாட்டிங்காம் வழக்கு

1977 அக்டோபரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் இசைக்குழு வெளியிட்ட தொகுப்பின் தலைப்பிலேயே 'பாலக்ஸ்' இருந்தது. நாட்டிங்காமில் ஓர் இசைத்தட்டுக் கடையின் கண்ணாடி ஜன்னலில் அந்த உறைகளை வைத்ததற்காக, 1889ஆம் ஆண்டின் ஆபாச விளம்பரச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானது. நவம்பர் 24 அன்று விசாரணை நடந்தது. வழக்கறிஞரும் எழுத்தாளருமான ஜான் மார்ட்டிமர் எதிர்த்தரப்புக்கு வாதாடினார். சாட்சிக் கூண்டில் ஏறியவர் நாட்டிங்காம் பல்கலைக்கழக ஆங்கிலத் துறைத் தலைவர் ஜேம்ஸ் கின்ஸ்லி. அவர் ஆங்கிலிக்கன் சபையின் குருவும்கூட. பழைய ஆங்கிலத்திலிருந்தே இருந்துவரும் சொல் இது, ஆதி விவிலிய மொழிபெயர்ப்பில் உண்டு, ஊர்ப் பெயர்களில் உண்டு, பாதிரியாரைக் குறிக்கும் கேலிப் பெயராகவும் இருந்தது, இங்கே இதன் பொருள் 'உளறல்' என்பதே என்று அவர் சாட்சி சொன்னார். பாதிரியார் என்ற பொருளுக்குச் சான்றும் இருக்கிறது: ஃப்ரான்சிஸ் க்ரோஸ் 1785இல் தொகுத்த கொச்சைமொழி அகராதி அதைப் பதிவு செய்திருக்கிறது. வழக்கு தள்ளுபடியானது.

தனியே சொன்னால் உளறல். 'நாயின்' என்று முன்னால் சேர்த்தால் மிகச் சிறந்தது என்று இதே சொல் தலைகீழாகும். எரிக் பாட்ரிட்ஜின் 1949ஆம் ஆண்டு அகராதியில் நாயின் விரைகள் என்ற தொடருக்கு வேறொரு பொருள் இருக்கிறது. முக்காற்புள்ளியையும் அதையடுத்த கோட்டையும் அச்சகத்தார் அந்தப் பெயரால் அழைத்தார்கள். வடிவத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

பொய்த் தந்தைகளும் தஞ்சாவூர் நீதிபதியும்

'கிராப்' என்ற சொல் தாமஸ் கிராப்பர் என்ற கழிப்பறை வணிகரின் பெயரிலிருந்து வந்தது என்று நம்புபவர்கள் ஏராளம். கிராப்பர் உண்மையான மனிதர். 1836இல் பிறந்தார், லண்டன் செல்சியில் தொழில் நடத்தினார், வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தின் சாக்கடை மூடிகளில் இன்றும் அவர் பெயர் இருக்கிறது. ஆனால் நீர் பாய்ந்து கழுவும் கழிப்பறையை அவர் கண்டுபிடிக்கவில்லை. 1596இல் ஜான் ஹாரிங்டன் அதை விவரித்துவிட்டார்; 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் காப்புரிமை பெற்றுவிட்டார். 'கிராப்' என்பதோ உமி, கசடு, கழிவு என்ற பொருளில் இடைக்கால ஆங்கிலத்திலேயே உண்டு. மலத்தைக் குறிக்கும் வழக்கு 1840களில் பதிவானபோது கிராப்பர் சிறுவன். 1969இல் வாலஸ் ரெய்பர்ன் எழுதிய ஒரு நூலே இந்தக் கதையை ஊரெங்கும் பரப்பியது.

'டேம்' பற்றிய கதைக்குத் தமிழ் மண்ணோடு தொடர்பு உண்டு. தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்து, அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்த ஆர்தர் கோக் பர்னெல், ஹென்றி யூலுடன் சேர்ந்து உருவாக்கியது 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி. பர்னெல் இறந்த பிறகு 1886இல் அது வெளியானது. எனக்கு ஒரு 'டேம்'கூடக் கவலையில்லை என்ற ஆங்கில வழக்கு, முகலாயர் காலச் செப்புக்காசான 'தாம்' என்பதிலிருந்து வந்திருக்கலாம் என்று அந்த நூல் ஊகித்தது. அக்பர் காலத்தில் நாற்பது தாம் ஒரு ரூபாய். சல்லிக்காசு என்று நாம் சொல்வதைப் போன்ற பொருத்தம் கவர்ச்சியானதுதான். ஆனால் 'டேம்' என்பது சபித்தலைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது என்பதே அகராதியியலாளர்களின் முடிவு. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி நாணயக் கதையை ஏற்கவில்லை.

ஒளிந்தும் ஒழுங்கோடும்

சில மென்வசைகள் மென்மையானது மறதியால். கிழக்கு லண்டன்வாசிகள் ஒரு சொல்லுக்குப் பதிலாக அதோடு இயைபு கொண்ட ஒரு தொடரைச் சொல்லி, பிறகு அந்த இயைபுப் பகுதியையே விழுங்கிவிடுவார்கள். 'ராஸ்பெரி டார்ட்' என்பது 'ஃபார்ட்'டுக்கு, அதாவது குசுவுக்கு இயைபு. 'டார்ட்' உதிர்ந்துவிட, நாக்கை நீட்டி ஒலியெழுப்பிக் கேலி செய்வது இன்று வெறும் 'ராஸ்பெரி'. மடையன் என்ற பொருளில் குடும்பத் தொடர்களிலும் வரும் 'பெர்க்', 'பெர்க்‌லி ஹன்ட்' என்ற வேட்டைக் குழுவின் பெயரிலிருந்து உதிர்ந்த முன்பாதி. அதன் பின்பாதி, ஆங்கிலத்தில் மிகக் கடுமையாகக் கருதப்படும் பெண்ணுறுப்புச் சொல்லோடு இயைவது. சொல்பவர்களில் பலருக்கு அது தெரியாது.

வசைக்கு விதியும் உண்டு. 'ஆப்ஸொலூட்லி' என்ற சொல்லைப் பிளந்து நடுவே 'ப்ளடி'யைச் செருகும் ஆங்கிலேயர் எல்லாரும் ஒரே இடத்தில்தான் பிளக்கிறார்கள்: ஆப்ஸோ-ப்ளடி-லூட்லி. அழுத்தம் விழும் அசைக்குச் சற்று முன்னால் அது நுழைகிறது. யாரும் கற்றுத்தராத இந்த ஒழுங்கை விளக்கி ஜான் மெக்கார்த்தி 1982இல் 'லாங்குவேஜ்' ஆய்விதழில் எழுதிய கட்டுரை மொழியியல் மாணவர்கள் இன்றும் படிப்பது.

இடம் மாறினால் எடையும் மாறும். 'பிஸ்ட்' என்றால் பிரிட்டனில் போதையில் இருக்கிறான். அமெரிக்காவில் கோபமாக இருக்கிறான். இடுப்பில் கட்டும் பையை அமெரிக்கர் 'ஃபேனி பேக்' என்பார்கள். அவர்களுக்கு 'ஃபேனி' புட்டம். பிரிட்டனில் அது பெண்குறி என்பதால் அங்கே அதே பை 'பம் பேக்'. 1999இல் வந்த ஆஸ்டின் பவர்ஸ் படத்தின் தலைப்பிலிருந்த 'ஷாக்ட்' பிரிட்டிஷ் வழக்கில் கலவியைக் குறிக்கும். சிங்கப்பூரில் அந்தத் தலைப்பு சில காலம் 'ஷியோக்ட்' என்று மாற்றப்பட்டது. இன்பமாக இருக்கிறது என்பதற்கு அந்த ஊர் மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் சேர்ந்து சொல்லும் சொல் 'ஷியோக்'.

தமிழ்த் திரைப்படங்களில் 'ப்ளடி' பெரும்பாலும் 'ராஸ்கல்', 'ஃபூல்' ஆகியவற்றோடு சேர்ந்தே வரும். வெள்ளைக்காரத் துரை கூலியை ஏசிய குரல் அதில் இன்னும் ஒலிக்கிறது. அப்படிக் கேட்டுப் பழகியவருக்கு, லண்டன் அலுவலகத்தில் ஒருவர் அவரது வேலையை 'ப்ளடி குட்' என்று பாராட்டும்போது ஒரு கணம் சுருக்கென்று இருக்கும். நம் காதில் அந்தச் சொல் ஆளைத் தாக்குவது. அவர்கள் வாயில் அது அழுத்தம் கூட்டுவது. ஆங்கிலத்தைப் பாடப்புத்தகத்திலும் திரையிலும் கற்று வெளிநாட்டில் வேலைக்குப் போகும் லட்சக்கணக்கானோருக்கு இந்த வேறுபாடு அன்றாட மரியாதை சம்பந்தப்பட்டது. யாரிடம் எதைச் சொல்லலாம், எதைக் கேட்டால் கோபப்பட வேண்டியதில்லை என்பதை யாராவது அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.

மெலிசா மோர் 2013இல் எழுதிய ஆங்கில வசை வரலாறு, புனிதம், உடல் என்ற இரு துருவங்களுக்கிடையே தடைகள் மாறிமாறி நகர்ந்ததைக் காட்டுகிறது. இன்று மூன்றாவதாக ஒன்று முன்னுக்கு வந்திருக்கிறது. ஆஃப்காமின் 2016 ஆய்வில் மக்கள் மிகக் கடுமையாகக் கண்டித்தவற்றுள் இனத்தை இழிவுபடுத்தும் சொற்கள் முன்னணியில் நின்றன. இந்த மாற்றத்தை ஒரு பெயரின் கதையில் முழுமையாகக் காணலாம். பெருமூளை வாதம் உள்ளவர்களுக்காக பிரிட்டனில் 1952இல் தொடங்கிய தொண்டு நிறுவனம், 'ஸ்பாஸ்டிக்' என்ற மருத்துவச் சொல்லைத் தன் பெயரிலேயே வைத்திருந்தது. பள்ளி மைதானங்களில் பிள்ளைகள் அதை ஏச்சாக்கிவிட்டதால், 1994இல் 'ஸ்கோப்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆறு ஆண்டுகள் கழித்து, 2000இல், பிபிசியும் ஒலிபரப்பு, விளம்பர ஒழுங்குமுறை அமைப்புகளும் சேர்ந்து 28 சொற்களைக் கடுமையின் வரிசையில் மக்களிடம் தரம்பிரிக்கச் சொன்னபோது, மருத்துவரின் குறிப்பேட்டிலிருந்து வந்த 'ஸ்பாஸ்டிக்' 15ஆம் இடத்துக்கு ஏறியிருந்தது. லண்டன் அரங்கையே நிறுத்திவைத்த 'ப்ளடி' 27ஆம் இடத்துக்கு இறங்கியிருந்தது.